அடுப்பில் போட்ட முட்டைகள் உயிரோடுதான் இருந்தன

பசறைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஒருமுறை பட்டுப்புழு வந்தது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பெண்களுக்கான வாழ்வாதாரத் திட்டம் என்று சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே மல்பெரிக் கம்புகளைக் கொடுத்து, கானோரத்திலும் மரக்கறித் தோட்டத்து வேலியிலும் நட வைத்திருந்தார்கள். கம்புகள் தழைத்த பிறகு ஐந்து குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மூங்கில் தட்டும், கடதாசித் துண்டில் ஒட்டியிருந்த முட்டைகளும் கிடைத்தன. கடுகளவு முட்டைகள்.

அம்மா மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு மல்பெரி இலை பறிக்கப் போவார். எறும்பு ஏறாமல் இருக்கத் தட்டின் கால்களைத் தண்ணீர் நிறைத்த சிரட்டைகளில் வைத்திருந்தோம். புழுக்கள் பெரிதான பிறகு இரவில் அவை இலை தின்னும் சத்தம், தகரக் கூரையில் தூறல் விழுவது போலக் கேட்கும். ஒரு மாதத்துக்குள் வெள்ளை வெளேரென்று கூடுகள் கட்டின. திட்டக்காரர்கள் வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு காசு கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அது துரையின் கையால் வராத காசு என்பதில் அம்மாவுக்கு ஒரு சந்தோசம் இருந்தது.

அம்மா எல்லாக் கூடுகளையும் கொடுக்கவில்லை. இருபது கூடுகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இரண்டு வாரத்துக்குள் அவற்றிலிருந்து அந்துப்பூச்சிகள் வந்தன. பறக்கத் தெரியாத, சிறகை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும் வெள்ளைப் பூச்சிகள். அவை இணை சேர்ந்து பழைய கலண்டர் தாளில் வரிசை வரிசையாக முட்டையிட்டன. விதைக் கத்தரிக்காயை முற்ற விட்டு எடுத்து வைப்பது போல, அடுத்த போகத்துக்கு நமக்கு நாமே விதை எடுத்துவிட்டோம் என்று அம்மா நினைத்தார்.

மஞ்சளாக இருந்த முட்டைகள் மூன்றாம் நாள் பழுப்பாகின. ஒரு கிழமைக்குள் சாம்பலும் ஊதாவும் கலந்த கறுப்பு நிறத்துக்கு மாறிவிட்டன. திட்டக்காரர்கள் கொடுத்த முட்டைகள் வந்து சில நாட்களிலேயே பொரித்திருந்தன. இவை பன்னிரண்டு நாளாகியும் பொரிக்கவில்லை. இருபது நாளாகியும் இல்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. அந்த வாகனம் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. “கெட்டுப்போச்சு” என்று அடுத்த வீட்டு ஆச்சி சொன்னார். கலண்டர் தாளைச் சுருட்டி அம்மா அடுப்பில் போட்டார். “எனக்குக் கைராசி இல்ல புள்ள” என்றார். மல்பெரியை ஆடு தின்றது.

அந்த முட்டைகள் கெட்டுப்போகவில்லை என்பது எனக்கு இருபது வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தான பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறிப்போன லட்சக்கணக்கானவர்களில் என் அத்தையின் குடும்பமும் ஒன்று. முதலில் கோத்தகிரியில் இருந்தார்கள். தேயிலையை விட்டுத் தேயிலைக்கே போனது போல இருந்தது என்று அத்தை சொல்வார். பிறகு வேலை தேடிக் கீழே இறங்கி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் குடியேறினார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தருமபுரிப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்பு சாதாரண விவசாயம். அத்தையின் மகன் ஒரு ஏக்கரில் மல்பெரி வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மாவின் கதையைச் சொன்னேன்.

மச்சான் சிரிக்கவில்லை. “கூடு என்ன நெறம்?” என்று மட்டும் கேட்டார்.

“வெள்ளை.”

“அப்ப அது சாகல. தூங்கிருக்கு. எழுப்பத் தெரியணும்.”

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததை இங்கே எழுதுவதற்குக் காரணம் அம்மா மட்டுமல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டுப்புழு என்று நாம் சொல்லும் வீட்டுப் பட்டுப்புழுவில் பல நூறு இனங்கள் இருக்கின்றன. அவற்றை வருடத்துக்கு எத்தனை தலைமுறை காண்கின்றன என்பதை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். வருடத்துக்கு ஒரே தலைமுறை காண்பவை ஒருபோக இனங்கள். ஐரோப்பாவின் பழைய இனங்கள் இந்த வகை. இரண்டு தலைமுறை காண்பவை இருபோக இனங்கள். ஜப்பானும் சீனாவின் குளிர்ப் பகுதிகளும் இவற்றின் வீடு. வங்காளம், மைசூர் போன்ற வெப்பமான இடங்களில் வருடம் முழுவதும் தலைமுறைக்குப் பின் தலைமுறையாகப் பெருகுபவை பலபோக இனங்கள்.

இந்த வித்தியாசம் முழுவதும் முட்டையில் இருக்கிறது. புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் அந்துப்பூச்சிக்கும் காத்திருக்கத் தெரியாது. சாப்பாடு இல்லையென்றால் புழு செத்துவிடும். காத்திருக்கக்கூடியது முட்டை மட்டுமே. குளிர்நாட்டில் இலையுதிர் காலத்துக்குப் பிறகு மல்பெரியில் ஓர் இலை இருக்காது. அந்த நேரத்தில் முட்டை பொரித்தால் இனமே அழிந்துவிடும். அதனால் அங்குள்ள இனங்களின் முட்டைகள் உறங்குகின்றன. இட்ட இரண்டு நாட்களுக்குள் உள்ளே இருக்கும் முளையம் வளர்வதை நிறுத்திவிடுகிறது. மூச்சு மிகக் குறைந்துவிடுகிறது. முட்டையில் சேமித்திருந்த கிளைக்கோசன், சோபிற்றோலாகவும் கிளிசரோலாகவும் மாறுகிறது. இந்த இரண்டும் குளிரைத் தாங்க உதவும் பொருட்கள். முட்டையின் உட்சவ்வில் நிறப்பொருள் படிந்து, மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகிறது.

அதாவது எங்கள் கலண்டர் தாளில் கறுத்தவைதான் உயிருள்ள முட்டைகள். கருக்கட்டாத முட்டைதான் மஞ்சளாகவே இருந்து, சில நாட்களில் நடுவில் குழிந்து வற்றிப்போகும். நாங்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். உறங்காத இனத்தின் நல்ல முட்டையும் கடைசி வரை மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது பத்து நாளளவில் நீலம் பாய்ந்து பொரித்துவிடும். திட்டக்காரர்கள் கொடுத்த முட்டைகள் பொரிப்பதற்கு முன் நீலமானது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவும் அந்த நீலத்துக்காகத்தான் காத்திருந்தார்.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். ஒரு முட்டை உறங்குமா, பொரிக்குமா என்பதை அந்த முட்டை தீர்மானிப்பதில்லை. தாய்தான் தீர்மானிக்கிறது. அதுவும் தாய் முட்டையிடும் நேரத்து வானிலையைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. அந்தத் தாய் தானே ஒரு முட்டைக்குள் முளையமாக இருந்தபோது அனுபவித்த வெப்பமும் வெளிச்சமும் அவள் உடலில் பதிந்துவிடுகின்றன. இருபோக இனத்தின் முட்டையை 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், வெளிச்சத்தில் வைத்துப் பொரிக்க விட்டால், அதிலிருந்து வரும் பெண் வளர்ந்து உறங்கும் முட்டைகளை இடும். அதே முட்டையை 15 பாகையில் இருட்டில் வைத்துப் பொரிக்க விட்டால், வரும் பெண் உறங்காத முட்டைகளை இடும். இரண்டுக்கும் நடுவே, 20 பாகையளவில், வெளிச்சத்தின் நீளம் தீர்ப்புச் சொல்லும். நீண்ட பகல் என்றால் அடுத்த தலைமுறை உறங்கும். குறுகிய பகல் என்றால் உறங்காது.

குளிர்நாட்டின் கணக்கோடு இது சரியாகப் பொருந்துகிறது. வசந்தகாலத் தொடக்கத்துக் குளிரில், பகல் குறுகியிருக்கும்போது பொரித்த தாய், கோடையில் தன் பிள்ளைகளுக்கு இலை இருக்கும் என்று ‘கணக்கிட்டு’ உறங்காத முட்டை இடுகிறது. கோடை வெப்பத்தில் பொரித்த மகளோ, தன் பிள்ளைகளைப் பனி பிடிக்கும் என்று உறங்கும் முட்டை இடுகிறது. ஆக வருடத்துக்கு இரண்டு தலைமுறை.

அந்தப் பதிவை முட்டைக்குக் கொண்டுசேர்ப்பது ஓர் ஓமோன். தாய் கூட்டுப்புழுவாக இருக்கும்போது, அதன் தலைப்பகுதியில் உணவுக்குழாய்க்குக் கீழே உள்ள நரம்புத்திரட்டிலிருந்து அது சுரந்து, வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைகளைச் சென்றடைகிறது. 1950களின் தொடக்கத்தில் ஃபுகுதா, ஹசெகாவா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். 24 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் அமைப்பு 1991இல் தெரியவந்தது. அதைச் சுரக்க வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவுதான் ஒரு தலைமுறைக்கு முந்திய வெப்பத்தில் எழுதப்படுகிறது.

இதை எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். திட்டக்காரர்கள் கொண்டுவந்தவை வெள்ளைக் கூடு கட்டின. வெள்ளை, கெட்டியான கூடு என்றால் பெரும்பாலும் இருபோக இனங்களின் கலப்பு. தென்னிந்தியாவின் பழைய பலபோக இனமும் அதன் கலப்புகளும் மஞ்சள் சாயலில் கட்டும். இருபோக முட்டைகளை வழக்கம்போல 25 பாகையளவில் வெளிச்சத்தில் வைத்துப் பொரிக்கச் செய்திருப்பார்கள். அந்தக் கணமே, அரிசிப் பானைக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைக்கப்போகும் பூச்சிகள் கறுக்கும் முட்டைகளைத்தான் இடும் என்பது முடிவாகிவிட்டது. அம்மாவின் கையில் ராசி இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

உறங்கிய முட்டையை எழுப்புவது எப்படி? இயற்கை வழி, குளிர். 5 பாகையளவுக் குளிரில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால், சோபிற்றோல் மீண்டும் கிளைக்கோசனாக மாறத் தொடங்குகிறது. பிறகு வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் முளையம் விட்ட இடத்திலிருந்து வளரும். விசித்திரம் என்னவென்றால், வெப்பமான இடத்தில் வைத்தால் அது எழும்பாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, பலவீனமாகி, ஒன்றிரண்டு முன்பின்னாகப் பொரிக்க, மிச்சம் செத்துவிடும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். எங்கள் ஆட்கள் மார்கழிக் குளிர் என்று கம்பளி தேடுவார்கள். ஆனால் பட்டுப்புழு முட்டைக்கு அது குளிரே இல்லை. ஊவாவில் எந்த மாதத்திலும் அந்த முட்டைக்கு வேண்டிய குளிர்காலம் தானாக வராது. பகலின் நீளமும் அப்படித்தான். ஜப்பானில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஐந்து மணித்தியாலம் அளவில் வித்தியாசம். நம்மிடம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. குளிர்நாட்டுக் கலண்டர் ஒன்றை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு பூச்சி நம் லயத்துக்கு வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜப்பானியர்கள் இந்தக் கலண்டரைத் தங்கள் வசதிக்கு மாற்றிய விதம் சுவாரசியமானது. மலைச் சரிவுகளில் பாறை இடுக்குகளிலிருந்து கோடையிலும் குளிர்காற்று வரும் இடங்கள் அங்கே உண்டு. அந்த இடங்களில் கல்லால் களஞ்சியம் கட்டி முட்டைத் தாள்களை அடுக்கினார்கள். குன்மா மாகாணத்தில் உள்ள அரபுனே குளிர்க் களஞ்சியம் 1905இலிருந்து கட்டப்பட்டது. கோடையிலும் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் முட்டைகளை வைத்திருந்து, இலை இருக்கும் நேரம் பார்த்து நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பினார்கள். அதுவரை வசந்தத்தில் ஒரு போகம் எடுத்த விவசாயிகள் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் எடுக்கத் தொடங்கினார்கள். தொமியோகா பட்டாலையோடு சேர்த்து அந்த இடம் 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. வெறும் கல் சுவர்கள்தான் இப்போது மிச்சம். ஒரு நாட்டின் பட்டு ஏற்றுமதியில் ஒரு பங்கு அந்தச் சுவர்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வழி, அமிலம். முட்டையிட்டு 20 மணித்தியாலம் அளவில், அதாவது உறக்கம் பிடிப்பதற்கு முன், 1.075 தன்னீர்ப்புள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தை 46 பாகைக்குச் சூடாக்கி, முட்டைகளை அதில் ஐந்து நிமிடமளவில் அமிழ்த்தி எடுத்து, நன்றாகக் கழுவிவிட்டால் அவை உறங்காமல் பத்து நாளளவில் பொரித்துவிடும். கேட்க இலகுவாக இருக்கிறது. வெப்பம் இரண்டு பாகை கூடினாலோ, நேரம் சற்று நீண்டாலோ முட்டை வெந்துவிடும். லயத்துச் சமையலறையில் செய்யும் காரியம் அல்ல.

மூன்றாவதும் ஒன்று உண்டு. தென்னிந்தியா போன வழி அதுதான். உறக்கத்தை எழுப்புவதற்குப் பதிலாக, உறங்காத தாயைத் தேர்ந்தெடுப்பது. மைசூர்ப் பகுதியில் திப்பு சுல்தான் காலத்திலிருந்து வளர்த்து வந்த பலபோக இனத்தைச் சுத்த மைசூர் என்பார்கள். வெயிலையும் நோயையும் தாங்கும். வருடம் முழுவதும் பொரிக்கும். ஆனால் ஒரு கூட்டில் கிடைக்கும் நூல் 350 மீற்றர் அளவுதான். இருபோக இனத்தின் கூட்டிலோ ஆயிரம் மீற்றர் வரை ஒரே இழை வரும். முட்டையின் உறக்கத்தைத் தாய்தான் தீர்மானிக்கிறது என்பதால், பெண் சுத்த மைசூராகவும் ஆண் இருபோக இனமாகவும் இருந்தால், அவை இடும் கலப்பு முட்டைகள் உறங்காது. புழுவோ தகப்பனிடமிருந்து நூலின் நீளத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ளும். இணையைத் தலைகீழாக வைத்தால் முட்டை கறுத்துவிடும். தோயாமா கமெதாரோ என்ற ஜப்பானியர் 1906இல் பட்டுப்புழுக் கலப்பைப் பற்றி எழுதியபோதே, முட்டையின் சில குணங்கள் தாய்வழியே செல்வதைக் கவனித்திருந்தார். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பல தசாப்தங்களாகப் பட்டு என்றால் பெரும்பாலும் இந்த மைசூர்த் தாயின் பட்டாகத்தான் இருந்தது.

1990களில் ஜப்பானிய உதவியோடு மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் சீ.எஸ்.ஆர் என்ற பெயர்வரிசையில் புதிய இருபோக இனங்களை உருவாக்கியது. இப்போது மச்சான் வளர்ப்பது அவற்றின் கலப்பு. வெள்ளைக் கூடு, கூடிய விலை. நூறு முட்டைத் தொகுதிக்கு 60 கிலோவுக்கு மேல் கூடு எடுக்கிறார். ஆனால் அவர் ஒரு முட்டையைக்கூடத் தானே எடுப்பதில்லை. இளம்புழு வளர்ப்பு மையம் முட்டையை வாங்கிப் பொரிக்க வைத்து, இரண்டு தோலுரிப்பு முடிந்த புழுவாக அவருக்குக் கொடுக்கிறது. முட்டை, அரசின் அல்லது உரிமம் பெற்ற தனியாரின் வித்தகத்திலிருந்து வருகிறது. அங்கே குளிர் அறைகள் இருக்கின்றன; நான்கு மாதம், ஆறு மாதம், பத்து மாதம் என்று உறங்க வைக்கும் அட்டவணைகள் இருக்கின்றன; அமிலத் தொட்டி இருக்கிறது.

நுணுக்குக்காட்டியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அம்மாவின் கதையை முடிப்பது நேர்மையில்லை. 1860களில் பிரான்சின் பட்டுத் தொழிலைப் பெப்ரின் என்ற நோய் அழித்தபோது, லூயி பாஸ்டர் அங்கே போய் ஐந்து வருடங்கள் வேலை செய்தார். அந்த நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டைக்குள் செல்வதால், முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, கிருமி இருந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடும் முறையை அவர் வகுத்தார். இன்றும் வித்தகங்களில் நடப்பது அதுதான். ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்று மச்சான் வாங்கும் தாளில் அச்சிட்டிருப்பதன் பொருள், அந்தத் தாய்கள் பரிசோதிக்கப்பட்டவை என்பது. அம்மா தன் முட்டைகளை எழுப்பியிருந்தாலும், நோய் இருந்ததா என்று பார்க்க வழி இல்லை. கலப்பின் இரண்டாம் தலைமுறை என்பதால் புழுக்கள் ஒன்றுபோல வளர்ந்திருக்காது, கூடும் சிறுத்திருக்கும். விதைக் கத்தரிக்காய் போலப் பட்டுப்புழுவை நினைத்தது அம்மாவின் பிழைதான். ஆனால் அது பிழை என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. தட்டு கொடுத்தார்கள், முட்டை கொடுத்தார்கள், கூடு வாங்கினார்கள். அடுத்த முட்டை எங்கிருந்து வரும் என்பதை யாரும் சொல்லவில்லை.

இதே கேள்வியை நான் வன்னியிலும் கேட்டிருக்கிறேன். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வடக்கே போன குடும்பங்களில் என் சித்தியின் குடும்பமும் ஒன்று. வவுனியாவில் தொடங்கி, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு கிளிநொச்சிப் பக்கம் மீள்குடியேறினார்கள். சித்தப்பா இல்லை. சித்திக்கு வாழ்வாதார உதவியாகப் பதினைந்து கோழிக்குஞ்சுகள் கிடைத்தன. நன்றாக வளர்ந்தன, நன்றாக முட்டையிட்டன. எப்போது அடை கிடக்கும் என்று சித்தி பார்த்துக்கொண்டிருந்தார். கிடக்கவில்லை. முட்டைக்கென்று உருவாக்கிய கலப்புக் கோழிகளில் அடை கிடக்கும் குணம் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கப்பட்டிருக்கும். நாட்டுக்கோழி என்று நினைத்து வளர்த்தவருக்கு அது தெரியாது. “எங்கட வீட்டில கோழியும் குடும்பம் நடத்துதில்லை” என்று சித்தி பகிடியாகச் சொன்னார். அந்தக் கோழிகள் முடிந்ததோடு அந்தத் திட்டமும் முடிந்தது. திட்டத்தின் அறிக்கையில் சித்தி ஒரு பயனாளி.

பட்டு பற்றிய பேச்சு மலையகத்தில் அவ்வப்போது எழும். தேயிலையில் நாள் பெயர் குறையும்போது, மாற்று வருமானம் என்ற பட்டியலில் காளான், தேனீ, பட்டு என்று வரும். ஊவாவின் மத்திய உயரங்கள் அதற்குக் காலநிலையில் பொருத்தமற்றவை அல்ல. இருபோகப் புழுவுக்குக் கடைசிப் பருவத்தில் 23 முதல் 25 பாகை நல்லது. அது ஹாலிஎலவிலும் தெமோதரையிலும் வருடத்தின் பல மாதங்களில் கிடைக்கும். வன்னி வெயிலில் அந்த இனம் தவிக்கும். அங்கே யாராவது வெள்ளைக்கூட்டுப் பட்டு என்று வந்தால் இரண்டு முறை யோசிக்கலாம். ஊவாவில் ஆடி, ஆவணி கச்சான் காற்றில் மல்பெரி இலை காய்ந்து தடித்துவிடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையில் இலை நனைந்தே இருக்கும்; ஈர இலை புழுவுக்கு நோய் கொண்டுவரும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் போகங்களை வைக்க வேண்டும். பக்கத்துப் பாத்தியில் மரக்கறிக்கு மருந்தடித்தால் காற்றில் வரும் துளியே போதும், தட்டு முழுவதும் சாகும். வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இடமும் ஒரு பிரச்சினை. நூறு முட்டைத் தொகுதி என்றால் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட புழுக்கள். அவை ஏறத்தாழ ஒரு தொன் இலை தின்னும். அதில் பெரும்பங்கைக் கடைசி ஏழெட்டு நாட்களில். 10க்கு 12 அடி லயத்து அறையில் மனிதர்களுக்கே இடமில்லை. தனிக் கொட்டகை வேண்டும் என்றால் காணி வேண்டும். காணி என்று தொடங்கினால் மலையகத்தில் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இன்னொரு நாள் எழுதலாம்.

ஆனால் இவையெல்லாவற்றுக்கும் முன்னால் முட்டை இருக்கிறது. யாராவது மீண்டும் ஒரு வாகனத்தில் மல்பெரிக் கம்போடு வந்தால், லயத்துப் பெண்கள் முதலில் கேட்க வேண்டியவை முட்டையைப் பற்றிய கேள்விகள். எந்த இனம்? தாய் உறங்கும் முட்டை இடுவதா, இடாததா? கச்சான் முடிந்து இலை தழைக்கும் கிழமையில் முட்டையை எழுப்பித் தருவது யார்; அந்தக் குளிர் அறை எங்கே இருக்கிறது? மின்சாரம் நின்றால் என்ன? 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டுக் கண்ட நாடு இது. ஐந்து பாகையில் தூங்கும் முட்டையை அரைநாள் சூட்டில் விட்டு மறுபடி குளிரில் வைத்தால், ஒன்றுபோலப் பொரிக்காது. திட்டத்தின் காசு முடிந்த பிறகு வரும் மூன்றாம் வருடத்தில் முட்டைத் தாளுக்கு யாரிடம் போவது, என்ன விலை? இவற்றுக்குப் பதில் இல்லாமல் தட்டும் கம்பும் மட்டும் கொடுப்பது, ஒரு போகத்துக்கான பொழுதுபோக்கு. கூட்டுறவாக ஒரு சிறிய வித்தகத்தை ஊவாவுக்குள்ளேயே வைப்பது நடக்காத காரியம் அல்ல. நுணுக்குக்காட்டியும் குளிர் அறையும் பயிற்சி பெற்ற ஐந்தாறு இளைஞர்களும் போதும். உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எங்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் முட்டை நம் கையில் இருக்கும். செய்யாவிட்டால், தேயிலையில் துரை இருந்த இடத்தில் பட்டில் முட்டைக்காரர் இருப்பார்.

பலபோகத் தாயின் கலப்பு முட்டையைக் கொண்டுவந்தால் குளிர் அறை இல்லாமலே சமாளிக்கலாமே என்று மச்சானிடம் கேட்டேன். முட்டை உறங்காது என்பது சரிதான் என்றார். ஆனால் உறங்காத முட்டைக்கு அவசரம் அதிகம். பத்து நாளில் பொரித்தே தீரும். அன்றைக்கு இலை இருக்கிறதா, மழையா என்று அது கேட்காது. “தூங்குற முட்டைதான் நம்ம சொன்ன பேச்சு கேக்கும்” என்றார்.

போன மாதம் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். கறுத்த முட்டை செத்த முட்டை இல்லை என்றதும் சற்று நேரம் பேசவில்லை.

“அப்ப எத்தன நாளு குளுர்ல வைக்கணும்?”

“ரெண்டு மாசத்துக்கு மேலம்மா. பிரிஜ்ல கீழ் தட்டுல வச்சிருந்தாக்கூட கொஞ்சமாவது பொரிச்சிருக்கும்.”

“நம்ம லயத்துல யாருகிட்ட பிரிஜ் இருந்துச்சு அப்ப? கிளாக்கர் ஐயா வீட்லதான்.” பிறகு, “அந்தம்மா நல்ல மனுசி. கேட்டிருந்தா வச்சுக் குடுத்திருக்கும்” என்றார்.